நிலைபொருள் வழுக்களும் லினக்ஸ் கருனியின் மாற்றுவழிகளும்: தமிழக அரசின் மடிக்கணினித் திட்டத்தை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

ஆய்வுச் சுருக்கம்

மடிக்கணினியின் தாய்ப்பலகையில் பதிக்கப்பட்டு வரும் நிலைபொருளில் வழு இருந்தால், அதைத் திருத்தும் வாய்ப்பு அதன் உரிமையாளருக்கு இல்லை. இயங்குதளத்தை எழுதியவருக்கும் இல்லை. எனவே அவ்வழுவைச் சுற்றிச் செல்லும் வழிகள் இயங்குதளத்தின் கருனிக்குள், இயக்கிகளின் பகுதியாக எழுதப்பட்டு வந்துள்ளன. லினக்ஸ் கருனியில் இம்மாற்றுவழிகள் வளர்ந்த வரலாற்றை இக்கட்டுரை ஆராய்கிறது. 2011 முதல் பாஸ் லினக்ஸுடன் தமிழக மாணவர்களுக்கு வழங்கப்பட்ட மடிக்கணினிகளுக்கு அவ்வரலாறு எவ்வாறு பொருந்துகிறது என்பதையும் அது நோக்குகிறது. வழுவைத் திருத்தும் பொறுப்பு ஆக்கியவரிடமிருந்து பயன்படுத்துபவரை நோக்கி நகர்ந்துள்ளது என்பதும், பொதுப்பணத்தில் வாங்கப்படும் கருவிகளில் அப்பொறுப்பை மீண்டும் ஆக்கியவரிடம் சேர்க்கக்கூடிய இடம் ஒப்பந்தப்புள்ளியே என்பதும் இதன் வாதம்.

திறவுச்சொற்கள்: நிலைபொருள், கருனி, இயக்கி, ஏசிபிஐ, டிஎம்ஐ, பாஸ் லினக்ஸ், எல்காட், விலையில்லா மடிக்கணினித் திட்டம்.

முன்னுரை

2011 செப்டம்பர் 15 அன்று, அறிஞர் அண்ணாவின் பிறந்தநாளில், திருவள்ளூர் மாவட்டம் காக்களூரில் அன்றைய முதலமைச்சர் ஜெ. ஜெயலலிதா விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிவைத்தார். முதல் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 9 லட்சம் மடிக்கணினிகள் திட்டமிடப்பட்டன. கொள்முதல் பொறுப்பை 1977இல் நிறுவப்பட்ட தமிழ்நாடு மின்னணு நிறுவனமான எல்காட் ஏற்றது. மடிக்கணினிகளில் விண்டோஸ் இயங்குதளத்துடன், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டிருந்தது. ஒரு மாநில அரசு இத்தனை லட்சம் வீடுகளுக்குள் லினக்ஸைக் கொண்டுசென்றது இந்தியக் கணினி வரலாற்றில் பெருநிகழ்வு. ஆனால் அத்திட்டத்தைப் பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் அரசியல், கல்வி, செலவு என்னும் மூன்றையே சுற்றி வந்தன. ஒரே இயந்திரத்தில் இரண்டு இயங்குதளங்கள் குடியிருக்கும்போது அவ்விரண்டையும் அவ்வியந்திரம் ஒரேவகையில் நடத்துகிறதா என்னும் தொழில்நுட்ப வினா அவ்வளவாக எழுப்பப்படவில்லை.

இவ்வினாவின் விடை நிலைபொருளில் உள்ளது. ஆற்றல் பொத்தானை அழுத்தியவுடன் முதலில் விழித்துக்கொள்வது இயங்குதளம் அன்று. தாய்ப்பலகையில் பதிந்துள்ள பயாஸ் அல்லது யூஇஎஃப்ஐ எனும் நிலைபொருளே. மின்கலத்தில் எவ்வளவு ஆற்றல் எஞ்சியுள்ளது, மூடி மூடப்பட்டுள்ளதா, விசிறி எவ்வளவு விரைவாகச் சுழலவேண்டும், திரையின் வெளிச்சத்தைக் கூட்டுவது எப்படி என்பன போன்றவற்றை இயங்குதளத்திற்குச் சொல்வதும் அதுவே. அது தவறாகச் சொன்னால் இயங்குதளம் தவறாக நடக்கும். பயனரோ இயங்குதளத்தையே குறை கூறுவார்.

ஆரணியை ஒட்டிய முள்ளிப்பட்டு போன்ற பட்டு நெசவு ஊர்களில் இதற்கு நன்கு அறிந்த ஓர் ஒப்புமை உண்டு. ஜக்கார்டு தறியில் எந்தப் பாவு இழை உயரவேண்டும் என்பதைத் துளையிட்ட அட்டைகள் தீர்மானிக்கின்றன. அட்டையில் ஒரு துளை இடம் மாறியிருந்தால், அவ்வட்டை சுற்றிவரும் ஒவ்வொரு முறையும் அதே இழை தவறாக உயரும். சேலையின் கோலத்தில் அதே குறை திரும்பத் திரும்ப விழும். நெசவாளரின் கைத்திறனில் குறை இல்லை. ஆனால் குறை தெரிவது அவர் நெய்த சேலையில்தான். எனினும் ஒரு வேறுபாடு முக்கியமானது. நெசவாளர் அட்டையைக் கழற்றித் தவறான துளையை ஒட்டி மறைத்து, சரியான இடத்தில் துளையிடலாம். மடிக்கணினியின் நிலைபொருளை அவ்வாறு கழற்றிப் பார்க்க அதன் உரிமையாளருக்கு வழியில்லை. அதன் மூலநிரல் ஆக்கிய நிறுவனத்திடம் மட்டுமே உள்ளது.

பயாஸ் காலம்: ஏபிஎம்

இன்டெலும் மைக்ரோசாஃப்டும் 1992இல் வெளியிட்ட ஏபிஎம் என்னும் ஆற்றல் மேலாண்மை நெறிமுறையில் அதிகாரம் முழுதும் பயாஸிடமே இருந்தது. இயங்குதளம் கேட்கும், பயாஸ் செய்யும். லினக்ஸின் ஏபிஎம் இயக்கி இக்காலத்துப் பயாஸ்களின் பிழைகளை ஏறக்குறைய ஓர் ஆவணக்காப்பகம்போல் பதிந்து வைத்துள்ளது. சோனி வையோ மடிக்கணினிகள் பலவற்றில் மின்கலம் இன்னும் எத்தனை நிமிடம் தாங்கும் என்னும் எண்ணின் இரண்டு பைட்டுகளும் இடம் மாறி வந்தன. 100 என்னும் எண் இவ்வாறு இடம் மாறினால் 25,600 என வாசிக்கப்படும். இயக்கி செய்ததெல்லாம், அந்த மாதிரிகளை அடையாளம் கண்டு, வந்த எண்ணின் பைட்டுகளை மறுபடியும் மாற்றிப் போட்டதே. ஐபிஎம் மடிக்கணினிகளிலோ, பயாஸை அழைக்கும்போது குறுக்கீடுகளை நிறுத்தி வைக்கும் வழக்கமான முறை ஒத்துவரவில்லை. அந்நிறுவனத்தின் பெயர் தென்பட்டாலே குறுக்கீடுகளைத் திறந்துவிடுமாறு இயக்கி எழுதப்பட்டது.

இவ்வியக்கியின் மூலநிரலில் ஒரு குறிப்புரை புகழ்பெற்றது. மின்கல நிலையைக் கேட்டவுடன் கருனியையே நிலைகுலையச் செய்யும் பயாஸ்களைப் பற்றிய அக்குறிப்புரை, அவற்றை ஆக்கியோரின் தரச்சோதனை முறையை ஒரு சிறு பாய்வுப்படமாக வரைந்து காட்டுகிறது: பயாஸை எழுது, தொகுக்க முடிகிறதா எனப் பார், விண்டோஸ் 98 தொடங்குகிறதா எனப் பார், தொடங்கினால் சந்தைக்கு அனுப்பு. நகைச்சுவையாக எழுதப்பட்டதெனினும் அதை வரலாற்றுச் சான்றாகவே கொள்ளவேண்டும். எதற்கு எதிராகச் சோதிக்கப்பட்டதோ அதுவே நடைமுறையில் நெறிமுறை ஆகிவிடுகிறது என்னும் உண்மையை அப்படம் நான்கு கட்டங்களில் சொல்லிவிடுகிறது. அதே இடத்தில், டெல் இன்ஸ்பிரான் வரிசையில் 2000 ஆகஸ்டு 24 தேதியிட்ட பயாஸ் வழுவுடையது, செப்டம்பர் 29 தேதியிட்டது நல்லது என்னும் குறிப்பும் உள்ளது. ஒரே மாத இடைவெளியில் ஒரு வழு திருந்தியிருப்பதை அது காட்டுகிறது. அம்மாதத்திற்கு முன் விற்பனையான இயந்திரங்களுக்குத்தான் கருனியின் வரி தேவைப்பட்டது.

இத்தகைய மாற்றுவழிகளுக்கு அடிப்படையானது இயந்திரத்தை அடையாளம் காணும் வழி. நிலைபொருள் தன்னைப் பற்றி வைத்திருக்கும் டிஎம்ஐ அட்டவணையில் ஆக்கியவரின் பெயர், மாதிரியின் பெயர், பயாஸின் பதிப்பு, தேதி ஆகியன இருக்கும். கருனி தொடங்கும்போது அச்சொற்களைத் தன்னிடமுள்ள பட்டியலுடன் ஒப்பிட்டு, பொருந்தினால் அதற்குரிய விதிவிலக்கைச் செயல்படுத்தும். ஆனால் இவ்வட்டவணையை நிரப்புவதும் அதே நிலைபொருளை எழுதியவர்களே. லெனோவோ மடிக்கணினிகளில் மாதிரிப் பெயருக்குரிய இடத்தில் எண்களும் எழுத்துகளும் கலந்த குறியீடும், பதிப்புக்குரிய இடத்தில் மக்கள் அறிந்த பெயரும் அமைந்திருப்பது வழக்கம். ஆகவே கருனியின் லெனோவோ வரிசைகள் பலவும் பதிப்புப் புலத்தையே தேடுகின்றன. வேறு சில தாய்ப்பலகைகளில் 'ஆக்கியவரால் நிரப்பப்படும்' என்னும் மாதிரி வாசகம் நிரப்பப்படாமல் அப்படியே நிற்கும். தன் பெயரையே சொல்லத் தெரியாத இயந்திரத்துக்கு விதிவிலக்கு எழுதவும் முடியாது.

ஏசிபிஐ: நெறிமுறையும் நடைமுறையும்

1996 டிசம்பரில் இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய மூன்றும் சேர்ந்து ஏசிபிஐ என்னும் புதிய நெறிமுறையை வெளியிட்டன. இதன் நோக்கம் அதிகாரத்தைப் பயாஸிடமிருந்து இயங்குதளத்திற்கு மாற்றுவது. ஆனால் ஒவ்வொரு மடிக்கணினியின் வன்பொருளும் வேறுபட்டதாகையால், அதனை இயக்கும் விவரத்தை யாராவது சொல்லியாக வேண்டும். எனவே நிலைபொருளுக்குள் அட்டவணைகளாகச் சிறுசிறு நிரல்கள் வைக்கப்பட்டன. ஏஎம்எல் என்னும் இடைநிலைக் குறிமொழியில் அமைந்த அந்நிரல்களை இயங்குதளக் கருனி தனக்குள் ஓர் இயக்கக்கூறு வைத்து வரி வரியாக நிறைவேற்றவேண்டும். மூடியைத் திறந்தால் என்ன நடக்கவேண்டும் என்பதை எழுதியவர் தாய்ப்பலகை ஆக்கியவர். அதை நிறைவேற்றுவது கருனி. பிறர் எழுதிய, தான் பார்த்திராத, சரிபார்க்க இயலாத நிரலைத் தன் உள்ளறையிலேயே ஓடவிடும் நிலை இவ்வாறு கருனிக்கு ஏற்பட்டது.

அந்நிரல்களை மொழிபெயர்க்கும் தொகுப்பிகள் இரண்டு இருந்தன: ஒன்று மைக்ரோசாஃப்டினுடையது, மற்றொன்று இன்டெலினுடையது. முன்னது நெறிமுறைக்கு மாறான பலவற்றைக் கண்டுகொள்ளாமல் ஏற்றது. பின்னது கடிந்து எச்சரித்தது. விண்டோஸின் இயக்கக்கூறும் அவ்வாறே தளர்வுடன் நடந்தது. விடை திருப்பவேண்டிய நிரல் விடை திருப்பாமல் முடிந்தால், கடைசியாகக் கணித்த மதிப்பையே விடையாகக் கொள்வது அத்தளர்வுகளுள் ஒன்று. லினக்ஸ் பயன்படுத்திய ஏசிபிஐசிஏ என்னும் இன்டெலின் கூறு தொடக்கத்தில் நெறிமுறையின் எழுத்தைக் கடைப்பிடித்தது. விளைவு, நெறிமுறையை மீறிய மடிக்கணினி விண்டோஸில் ஓடியது; நெறிமுறையைப் பின்பற்றிய லினக்ஸில் ஓடவில்லை.

இந்நிலையில் பயனர்கள் சிலர் தம் மடிக்கணினியின் அட்டவணையைப் பிரித்தெடுத்து, திருத்தி, மறுபடியும் தொகுத்து, கருனி தொடங்கும்போது அதனைப் பதிலீடு செய்துகொண்டனர். 2000களின் தொடக்கத்தில் திருத்திய அட்டவணைகள் மாதிரிவாரியாகத் தொகுக்கப்பட்டுப் பகிரப்பட்டன. கருனியின் ஏசிபிஐ பொறுப்பாளர்கள் இவ்வழியைப் பொதுத் தீர்வாக ஏற்கவில்லை. விண்டோஸ் அதே அட்டவணையுடன் ஓடுகிறதெனில் லினக்ஸும் ஓடவேண்டும் என்பது அவர்களின் நிலைப்பாடு. அது நியாயமான நிலைப்பாடே. திருத்திய அட்டவணை ஒருவருக்கு மட்டும் உதவும். கருனியைத் திருத்தினால் அம்மாதிரியை வாங்கிய அனைவருக்கும் உதவும். இறுதியில் கருனி தளர்வை ஏற்றுக்கொண்டது. மறைமுக விடை முதலிய தளர்வுகள் இயல்பாகவே இயங்கும். கண்டிப்பை விரும்புபவர் தொடக்கத்தில் தனியே கோரவேண்டும் என்று ஆனது.

இவ்வரலாற்றில் ஓர் ஆவணம் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுகிறது. மைக்ரோசாஃப்டுக்கு எதிராக அமெரிக்காவின் ஐயோவா மாநிலத்தில் நடந்த வழக்கில் வெளிவந்த, 1999 ஜனவரியில் பில் கேட்ஸ் எழுதிய உள்சுற்று மின்னஞ்சல் அது. ஏசிபிஐயின் நீட்சிகளை விண்டோஸுக்கு மட்டும் உரியனவாக ஆக்கமுடியுமா, தம் உழைப்பின் பயனாக லினக்ஸும் எளிதில் நன்கு ஓடிவிடுமே என்னும் கவலை அதில் வெளிப்படுகிறது. இதைக் கொண்டு வழுக்கள் அனைத்தும் திட்டமிட்ட சூழ்ச்சி எனக் கூறுவோர் உளர். அம்முடிவு மிகை. வழுக்களின் இயல்பை நோக்கினால், அவற்றுள் பெரும்பாலானவை சோதனை இன்மையால் விளைந்தவை என்பது தெளிவு. ஒரே ஓர் இயங்குதளம் மட்டும் சோதனை மேடையில் இருக்கும் சந்தையில், கவனக்குறைவே சூழ்ச்சியின் வேலையைச் செய்துவிடும்.

'நீ எந்த இயங்குதளம்?'

ஏசிபிஐ நெறிமுறையில் இயங்குதளத்தின் திறன்களை நிலைபொருள் வினவுவதற்கு ஓர் ஏற்பாடு உண்டு. ஓஎஸ்ஐ எனப்படும் இவ்வினா 'இன்ன வசதி உன்னிடம் உண்டா?' என்று கேட்பதற்காக ஏற்பட்டது. நடைமுறையில் அது 'நீ விண்டோஸின் எந்தப் பதிப்பு?' என்னும் வினாவாகத் திரிந்துவிட்டது. விடைக்கேற்ப நிலைபொருள் தன் நடத்தையை மாற்றிக்கொள்ளும். 'விண்டோஸ் 2009' என்பது விண்டோஸ் 7ஐயும், 'விண்டோஸ் 2012' என்பது விண்டோஸ் 8ஐயும், 'விண்டோஸ் 2015' என்பது விண்டோஸ் 10ஐயும் குறிக்கும்.

லினக்ஸ் இவ்வினாக்கள் அனைத்துக்கும் 'ஆம்' என்று விடையளிக்கிறது. இதற்கு முன் இருந்த பழைய வினாவுக்கோ தன் பெயரை 'மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் என்டி' என்றே கூறியது. இதனைப் பொய்யெனக் கொள்ளவேண்டியதில்லை என்பது கருனி ஆக்கியோரின் விளக்கம். அது அடையாளக் கூற்று அன்று, ஒத்தியங்கும் உறுதிமொழி. விண்டோஸ் என்னும் விடைக்குரிய பாதைதான் ஆலையில் சோதிக்கப்பட்டது; வேறு விடைக்குரிய பாதை எழுதப்பட்டிருந்தாலும் எவரும் நடந்து பார்த்திராத பாதை.

'நீ லினக்ஸா?' என்று சில நிலைபொருள்கள் கேட்டபோது என்ன நடந்தது என்பது இதைவிடச் சுவையானது. தொடக்கத்தில் லினக்ஸ் அதற்கும் 'ஆம்' என்றது. 2007இல் வெளியான 2.6.23 பதிப்பிலிருந்து 'இல்லை' என்று விடையளிக்கத் தொடங்கியது. காரணம் எளியது. ஒரு குறிப்பிட்ட ஆண்டில் லினக்ஸில் இருந்த ஒரு குறைக்காக நிலைபொருளில் ஒரு மாற்றுவழி எழுதப்படும். அடுத்த ஆண்டு லினக்ஸில் அக்குறை நீங்கிவிடும். ஆனால் விற்றுப்போன இயந்திரத்தின் நிலைபொருளில் அம்மாற்றுவழி அப்படியே நிற்கும். சரியான லினக்ஸைப் பழைய லினக்ஸ் என எண்ணி அது கெடுக்கும். லினக்ஸ் தன் பெயரைச் சொல்ல மறுத்ததன் பொருள் இதுவே: நட்பாக நடத்தப்படுவதைவிட விண்டோஸாக நடத்தப்படுவது பாதுகாப்பானது.

ஆனால் வேடத்துக்கும் விலை உண்டு. விண்டோஸ் 8 வந்தபோது திரை வெளிச்சத்தை வரைகலை இயக்கியே நேரடியாகக் கட்டுப்படுத்தும் முறை மேலோங்கியது. அதனால் விண்டோஸ் 8 என்னும் விடை பெற்ற நிலைபொருள்களில் ஏசிபிஐ வழியான பழைய வெளிச்சக் கட்டுப்பாடு சோதிக்கப்படாமல் சீர்கெட்டது. லினக்ஸும் விண்டோஸ் 8 எனச் சொன்னதால், பல மடிக்கணினிகளில் வெளிச்ச விசைகள் வேலைசெய்யவில்லை. 2013இல் குறிப்பிட்ட சில மாதிரிகளுக்கு மட்டும் அவ்விடையை மறுக்கும் பட்டியல் சேர்ந்தது. 2014இல் கருனியும் விண்டோஸைப் போலவே வரைகலை இயக்கியிடம் வெளிச்சத்தை ஒப்படைக்கும் முறையை இயல்பாக்கியது. வேடமிட்டவர் நடையையும் கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று.

பட்டியல் தலைகீழான கதை

மாற்றுவழிப் பட்டியல்கள் எவ்வாறு வளர்கின்றன, எங்கே தடுமாறுகின்றன என்பதை ஐடியாபேட் இயக்கி தெளிவாகக் காட்டுகிறது. லெனோவோவின் முற்கால ஐடியாபேட் மடிக்கணினிகளில் வைஃபையை அணைக்க உடலின் பக்கவாட்டில் ஒரு விசை இருந்தது. அவ்விசையின் நிலையை நிலைபொருளிடம் கேட்டறியும் வகையில் இயக்கி எழுதப்பட்டது. பின்னர் வந்த மாதிரிகளில் அவ்விசையே இல்லை. இல்லாத விசையைப் பற்றிக் கேட்டால் 'தெரியாது' என்னவேண்டிய நிலைபொருள் 'அணைந்துள்ளது' என்றது. அதை நம்பிய இயக்கி வைஃபையை முடக்கியது. இல்லாத விசையைத் தள்ளிப் பார்க்கப் பயனரால் இயலாது.

2014இல், விசையில்லாத மாதிரிகளுக்கு ஒரு பட்டியல் தொடங்கப்பட்டது. முதலில் சில பெயர்களே இருந்தன. ஒவ்வொரு புதிய மாதிரி வெளிவரும்போதும் எங்கோ ஒருவர் வைஃபை ஓடவில்லை என்று வழுவறிக்கை அனுப்புவார். ஒரு பெயர் கூடும். சில ஆண்டுகளில் அது பல பத்து மாதிரிகளைத் தாண்டியது. அப்பத்தாண்டின் இறுதியில் பட்டியலைத் தொடங்கிய ஹான்ஸ் டி கூட் என்னும் கருனி ஆக்குநரே அதனைத் தலைகீழாக்கினார். விசை உடைய பழைய மாதிரிகளைப் பட்டியலிட்டு, ஏனைய அனைத்துக்கும் விசை இல்லை எனக் கொள்ளும் முறை வந்தது. பழையன இனிப் பெருகா. புதியனவோ பெருகிக்கொண்டே இருக்கும். எதைப் பட்டியலிடுவது என்னும் தேர்வு கணிதமாகத் தோன்றினாலும், உண்மையில் அது எவர் காத்திருக்கவேண்டும் என்னும் தேர்வு. முதல் முறையில் புதிதாக வாங்கியவர் ஒவ்வொருவரும் தம் மாதிரியின் பெயர் பட்டியலில் ஏறும்வரை வைஃபையின்றிக் காத்திருந்தனர்.

தொடுபலகைகளின் கதையும் இத்தகையதே. மடிக்கணினியின் தொடுபலகை நெடுங்காலம் 1980களின் விசைப்பலகைக் கட்டுப்பாட்டுச் சில்லின் பாவனையில்தான் தன்னைக் காட்டிக்கொண்டது. அச்சில்லைச் சோதிக்கக் கருனி அனுப்பும் ஆணைக்குப் பாவனைச் சில் தவறாக விடையளித்தால் தொடுபலகை உயிரற்றுப் போகும். அவ்வகை இயக்கியில் 'இம்மாதிரியில் இச்சோதனையைச் செய்யாதே' என்னும் வரிகள் நீண்டு செல்கின்றன.

உயிர்போகும் வழுக்கள்

இதுவரை கண்டவை வசதிக்குறைவுகள். 2013 தொடக்கத்தில் நிகழ்ந்தது வேறு. யூஇஎஃப்ஐ நிலைபொருள் கொண்ட சாம்சங் மடிக்கணினிகள் சிலவற்றில் லினக்ஸைத் தொடங்கியவுடன் அவை மீளவே முடியாதபடி செயலிழந்தன. சாம்சங் மடிக்கணினிக்கான இயக்கி பழைய பயாஸ் முறைக்கென எழுதப்பட்டது. புதிய முறையிலும் அது நினைவகத்தின் குறிப்பிட்ட இடங்களைத் துழாவியதே காரணம் என முதலில் கருதப்பட்டது. யூஇஎஃப்ஐ முறையில் அவ்வியக்கி செயல்படாதவாறு நிறுத்தப்பட்டது. ஆயினும் வழு அங்கு இல்லை. நிலைபொருளின் மாறிகளுக்கென ஒதுக்கிய சேமிப்பிடம் ஓரளவுக்கு மேல் நிரம்பினால் அந்நிலைபொருள் தொடங்கவே மறுத்தது. விண்டோஸிலிருந்து மாறிகளை மிகுதியாக எழுதினாலும் அதே விளைவு உண்டாகும் என்பதை மேத்யூ காரெட் என்னும் ஆக்குநர் செய்து காட்டினார். சேமிப்பிடத்தில் போதிய காலியிடம் இல்லாதபோது எழுத மறுக்கும் காப்பு கருனியில் சேர்க்கப்பட்டது. வழுவின் இருப்பிடம் நிலைபொருள். பழி விழுந்தது லினக்ஸ்மேல். தீர்வு எழுதப்பட்டது கருனியில்.

எதிர்த்திசையிலும் ஒரு நிகழ்வு உண்டு என்பதை நேர்மையாகப் பதியவேண்டும். 2017 அக்டோபரில் வெளியான உபுண்டு 17.10 பதிப்பின் கருனியில், நிலைபொருள் சேமிக்கப்பட்டுள்ள சில்லை அணுகும் இன்டெல் இயக்கி இயக்கத்தில் விடப்பட்டிருந்தது. லெனோவோ முதலிய சில மடிக்கணினிகளில் அதனால் நிலைபொருள் அமைப்புகளைச் சேமிக்க இயலாமல் போயிற்று. டிசம்பரில் நிறுவல் கோப்பைத் திரும்பப் பெற்ற கனோனிக்கல் நிறுவனம், 2018 ஜனவரியில் திருத்திய கோப்பை வெளியிட்டது. கருனியும் நிலைபொருளைக் கெடுக்கும். ஆனால் இரண்டு நிகழ்வுகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடு கவனிக்கத்தக்கது: கருனியின் பிழை எந்த வரியில் நேர்ந்தது என்பதை எவரும் பார்க்க முடிந்தது.

தமிழகத்து மேசையில்

தமிழகத்தில் திறந்தமூல மென்பொருள் முயற்சிகள் மடிக்கணினித் திட்டத்துக்கு முந்தியவை. 2005இல் சி-டாக் சென்னையும் அண்ணா பல்கலைக்கழகத்தின் ஏயூ-கேபிசி ஆய்வு மையமும் பங்கேற்கத் திறந்தமூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் அமைந்தது. அதன் பயனாக, டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் லினக்ஸ் 2007 ஜனவரியில் வெளியானது. அதே காலப்பகுதியில் எல்காட் நிறுவனம் சி. உமாசங்கரின் பொறுப்பில் சூசே லினக்ஸுக்கு மாறியது. தமிழ் இடைமுகம், தமிழ் உள்ளீடு, இந்திய மொழி எழுத்துருக்கள் ஆகியவற்றில் பாஸ் செலுத்திய கவனம் பாராட்டுக்குரியது. ஆனால் மொழி இடைமுகம் மேல்தளம். மேற்கூறிய வழுக்கள் நிகழ்வது அடித்தளத்தில்.

அடித்தளத்தில் உள்ள இடர் கால இடைவெளியைச் சார்ந்தது. டெபியன் நிலைத்தன்மையைப் பெரிதும் போற்றும் வழங்கல். அதன் 6ஆம் பதிப்பு 2011 பிப்ரவரியில் வெளிவந்தபோது, 2009 டிசம்பரில் வெளியான 2.6.32 கருனியைக் கொண்டிருந்தது. 2013 மே மாதத்தில் 7ஆம் பதிப்பு வரும்வரை அதுவே டெபியனின் நிலையான கருனி. இயக்கித் திருத்தங்கள் சில பின்னோக்கிச் சேர்க்கப்பட்டன என்றாலும், அடிப்படை அதுவே. 2011இன் பிற்பகுதியில் ஆலையிலிருந்து வரும் ஒரு மடிக்கணினி மாதிரியின் வழு, அந்த மாதிரி விற்பனைக்கு வந்தபின்தான் எவருக்கும் தெரியவரும். வழுவறிக்கை, ஒட்டு, அடுத்த கருனி வெளியீடு, வழங்கல், மாணவரின் வட்டு என்னும் ஐந்து படிகளையும் அத்திருத்தம் கடக்கவேண்டும். விலைக்கு வாங்கிய ஒருவர் இணையத்திலிருந்து புதிய கருனியை இறக்கிக்கொள்வார். இணைய இணைப்பு அரிதாக இருந்த 2011-12இன் தமிழக ஊர்ப்புற வீட்டில், வைஃபை ஓடாத லினக்ஸை வைஃபை வழியாகப் புதுப்பிப்பது எப்படி?

முதலாவது படியே இன்னும் ஆழமான தடை. கருனியின் பட்டியலில் ஒரு மாதிரியின் பெயர் ஏறுவது, அதை உடைய ஒருவர் டிஎம்ஐ பெயரையும் பதிவேட்டையும் சேர்த்து ஆங்கிலத்தில் அறிக்கை எழுதுவதைப் பொறுத்தது. லெனோவோ, ஏசர், எச்சிஎல் முதலிய நிறுவனங்களின் மடிக்கணினிகள் லட்சக்கணக்கில் இங்கு வழங்கப்பட்டன. ஓர் ஐரோப்பிய நகரத்தில் சில நூறு பேர் வாங்கிய மாதிரிக்கு அப்பட்டியலில் இடம் கிடைக்கும் வாய்ப்பு, பல்லாயிரம் தமிழக மாணவர்களின் கையிலுள்ள மாதிரிக்குக் கிடைப்பதைவிட மிகுதி. பட்டியல் இயந்திரங்களின் எண்ணிக்கையைப் பிரதிபலிப்பதில்லை. முறையிடத் தெரிந்தவர்களின் எண்ணிக்கையையே பிரதிபலிக்கிறது. இரட்டை இயங்குதள ஏற்பாடு இக்குரலை மேலும் தாழ்த்தியது எனலாம். பாஸில் தொடுபலகை ஓடவில்லை என்றால் மாணவர் அறிக்கை எழுதமாட்டார். மறுதொடக்கம் செய்து விண்டோஸுக்குப் போய்விடுவார். 'லினக்ஸ் சரியில்லை' என்னும் முடிவு அவ்வீட்டில் நிலைத்துவிடும்.

பள்ளிப்படிப்பு முடிந்தபின் அம்மடிக்கணினி எங்கே போகிறது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம். பட்டுச்சேலையின் கோலத்தைக் கணினியில் வரைந்து ஜக்கார்டு அட்டையாகத் துளையிடுவதும், மின்னணு ஜக்கார்டுக்குப் பென் டிரைவில் எடுத்துச் செல்வதும் இன்று பரவிவரும் தொழில்முறை. புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டின் நெசவு வட்டாரத்தில், முள்ளிப்பட்டு போன்ற ஊரில், பழைய மடிக்கணினி ஒன்று ஒரு குடும்பத்தின் தொழிற்கருவியாகும் வாய்ப்பு உண்மையானது. விண்டோஸ் 7க்கான ஆதரவு 2020 ஜனவரியில் முடிந்துவிட்டது. அத்தகைய இயந்திரத்திற்கு ஆயுள் நீட்டிப்பது லினக்ஸ்தான். அங்கேதான் 2011இன் நிலைபொருள் வழு மறுபடியும் எதிர்ப்படும். அப்போது உத்தரவாதக் காலம் முடிந்து பல ஆண்டுகள் ஆகியிருக்கும்.

ஒப்பந்தப்புள்ளியில் எழுதத்தக்கவை

2008இல் லினக்ஸ் கருனி ஒரு சிறு வழக்கத்தை மேற்கொண்டது. நிலைபொருள் நெறிமுறையை மீறுவதைக் கண்டால், பதிவேட்டில் சதுர அடைப்புக்குள் 'நிலைபொருள் வழு' என்னும் முன்னொட்டுடன் அச்செய்தியை அச்சிடும். மாற்றுவழியைச் செய்துகொண்டே, தவறு எவருடையது என்பதையும் எழுதிவைக்கும் ஏற்பாடு இது. கனோனிக்கலின் நிலைபொருள் சோதனைத் தொகுப்பு இவ்வகை மீறல்களைத் தானாகவே தேடிப் பட்டியலிடும். அது கட்டணமின்றிக் கிடைப்பது. 2015இல் ரிச்சர்டு ஹியூஸ் தொடங்கிய எல்விஎஃப்எஸ் சேவை வழியாக நிறுவனங்கள் தம் நிலைபொருள் திருத்தங்களை லினக்ஸ் பயனர்களுக்கு நேரடியாக அளிக்க முடிகிறது. டெல் முன்னரே அதில் சேர்ந்தது. லெனோவோ 2018இல் சேர்ந்தது. தனியொரு பயனர் கேட்டுப் பெறமுடியாததைப் பெருங்கொள்முதல் செய்பவர் கேட்டுப் பெறமுடியும் என்பதற்கு இவையே கருவிகள்.

2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு, இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினி அல்லது மடிக்கணினி வழங்கப்படும் என அறிவித்தது. இத்தகைய கொள்முதலின் ஒப்பந்தப்புள்ளிகளில் செயலி, நினைவகம், வட்டு, திரை, மின்கலம் ஆகியவற்றுக்கு அளவுகள் குறிக்கப்படுவது மரபு. நிலைபொருளுக்கும் அளவு குறிக்கலாம். மாதிரி இயந்திரத்தை வழங்கவிருக்கும் லினக்ஸ் கருனியிலேயே தொடங்கி, பதிவேட்டில் 'நிலைபொருள் வழு' வரிகள் எத்தனை என எண்ணலாம். உறக்கம், விழிப்பு, வெளிச்சம், வைஃபை, தொடுபலகை ஆகியவற்றை இரண்டு இயங்குதளங்களிலும் சோதித்துக் காட்டக் கோரலாம். நிலைபொருள் திருத்தங்களைக் குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு எல்விஎஃப்எஸ் வழி வெளியிடும் கடப்பாட்டை வழங்குநர்மேல் வைக்கலாம். இவற்றுள் எதுவும் ஓர் இயந்திரத்தின் விலையைக் குறிப்பிடத்தக்க அளவு கூட்டும் என்று கருத இடமில்லை. சோதனை ஒரு மாதிரிக்கு ஒருமுறை நடப்பது. பயனோ அம்மாதிரியின் ஒவ்வோர் இயந்திரத்துக்கும் உரியது.

இன்னும் எளிய ஒன்றும் உண்டு. இதுவரை வழங்கப்பட்ட மாதிரிகள் அனைத்தின் டிஎம்ஐ பெயர்களையும் நிலைபொருள் பதிப்புகளையும் எல்காட் ஒரே பட்டியலாக வெளியிட்டால், அப்பெயர்களுள் எவை கருனியின் விதிவிலக்குகளில் ஏற்கெனவே இடம்பெற்றுள்ளன, எவை இடம்பெறவில்லை என்பதை ஒரு பொறியியல் கல்லூரியின் மாணவர் குழுவே சில நாட்களில் ஒப்பிட்டுப் பார்த்துவிட முடியும்.